அசல் மின்சாரம் எது?
கிராம மின்தொகுப்புகளும் மின் வணிகமும்

(கிராமப்புறப் பணிகளில் ஈடுபட்டுள்ள தோழர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பீகார் மாநிலம் ஜெகானாபாத் மாவட்டத்தில் தர்னை என்றொரு கிராமம் உள்ளது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மின்சாரம் இல்லாதிருந்த ஊர் அது. 2014 ஜூலை மாதம் அங்கே 100 கிலோவாட் திறன் கொண்ட சூரிய மின் நிலையம், பேட்டரிகளோடும் ஊருக்கென்றே தனியாக இழுக்கப்பட்ட கம்பிகளோடும் அமைக்கப்பட்டது. கிரீன்பீஸ் அமைப்பு வேறு இரு அமைப்புகளுடன் இணைந்து அந்தப் பணியைச் செய்தது. 450 வீடுகள், 50 கடைகள், ஏறத்தாழ 2,400 மக்கள் என்பது திட்டத்தின் அளவு. நாடெங்கும் பத்திரிகைகள் அதைப் பாராட்டி எழுதின. அதைத் தொடங்கி வைக்க முன்னாள் முதலமைச்சர் நிதிஷ் குமார் ஊருக்கு வந்தபோது மக்கள் திரண்டு நின்று முழக்கமிட்டார்கள். போலி மின்சாரம் வேண்டாம், அசல் மின்சாரம் வேண்டும் என்பதே அந்த முழக்கம். சூரிய நிலையத்திலிருந்து வருவது போலி; அரசின் மின்தொகுப்பிலிருந்து கம்பி வழியே வருவது அசல். வெகு விரைவில் அரசின் மின்மாற்றியும் ஊருக்கு வந்து சேர்ந்தது.

மக்களின் அறியாமை என்று இதைக் கருதியவர்கள் உண்டு. சூழலியல் உணர்வு போதவில்லை என்று வருந்தியவர்களும் உண்டு. ஆனால் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த முழக்கத்தின் நியாயம் விளங்கும்.

100 கிலோவாட்டில் 30 கிலோவாட் பாசன பம்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. மீதி 70 கிலோவாட். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆக, 280 யூனிட். பேட்டரியிலும் கம்பியிலும் ஏற்படும் இழப்பையும், கடைகளையும் தெருவிளக்குகளையும் கணக்கில் எடுக்காமல் 450 வீடுகளுக்கு மட்டும் வகுத்தால் வீட்டுக்கு 0.62 யூனிட். 75 வாட் மின்விசிறி ஒன்று எட்டு மணி நேரம் சுழல 0.6 யூனிட் தேவை. பீகாரின் கோடையில் ஒரே ஒரு விசிறி ஓடினால் அந்த வீட்டின் அன்றைய பங்கு தீர்ந்துவிடும். விளக்குக்கு மிச்சமில்லை. அதற்கும் அரசு மின்சாரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விலை. இந்த நிலையில் தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் வாங்கி வைத்தவர்கள் தவறு செய்தவர்கள் அல்லர். முப்பது ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அவர்கள்.

அசல் என்று அந்த மக்கள் சொன்னதன் பொருள், மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறதா வெயிலிலிருந்து வருகிறதா என்பது பற்றியதன்று. எவ்வளவு கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும், கிடைக்காதபோது யார் வாசலில் போய்க் கேட்பது என்ற மூன்றையும் பற்றியது. சிறு மின்தொகுப்பு, அதாவது மைக்ரோகிரிட் பற்றிய விவாதம் முழுவதையும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடக்கிவிடலாம்.

சிறு மின்தொகுப்பு வேலை செய்யும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். ஏனெனில் அரசியல் அந்த விவரங்களுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. சூரிய மின்சாரம் உச்சி வேளையில் பிறக்கிறது. வீடுகளின் தேவையோ அந்தி சாய்ந்த பிறகு எழுகிறது. இரண்டுக்கும் இடையே நிற்பது பேட்டரி. அந்த ஏற்பாட்டிலேயே விலை மிக்க பாகமும் அதுதான், முதலில் சாகும் பாகமும் அதுதான். சூரியத் தகடு இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும். ஈய அமில பேட்டரி ஐந்து ஆண்டுகள் உழைத்தால் பெரிது. நாள்தோறும் அடிவரை வற்றவிட்டால் அதற்கும் முன்பே போய்விடும். பெரிய மின்தொகுப்பில் ஒரு வீட்டார் இஸ்திரிப் பெட்டியைச் செருகுவது கடலில் ஒரு சொம்பு நீர் மொள்வதைப் போன்றது. சிறு தொகுப்பிலோ அது அண்டை வீட்டுப் பிள்ளையின் பாடப் புத்தகத்தின் மீது விழும் வெளிச்சத்தை அணைத்துவிடும்.

ஆகவே இங்கே நிர்வாகம் என்பதன் உண்மைப் பெயர் பங்கீடு. ஏரிப் பாசனத்தில் முறைவைத்து நீர் பாய்ச்சுவதை அறிந்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மடை எப்போது திறக்கும், எத்தனை நாழிகை திறந்திருக்கும், பஞ்ச காலத்தில் யார் வயல் முதலில் காயும் என்ற கேள்விகளே இங்கு வேறு வடிவில் வருகின்றன. ஒவ்வொரு வீட்டு இணைப்பிலும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வைக்கிறார்கள். குறித்த வாட் அளவைத் தாண்டினால் அந்த வீட்டுக்கு மட்டும் மின்சாரம் நின்றுவிடும். அந்தக் கருவி கம்பத்தின் மேலே பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. சாவி யாரிடம்? மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் எந்தத் தெரு முதலில் இருளும்? குறைந்த மின்னழுத்த நேர்மின் கம்பியில் தூரம் கூடக்கூட அழுத்தம் குறையும். மின் நிலையத்துக்கு அருகில் இருக்கும் தெருவில் பளிச்சென்று எரியும் விளக்கு, கடைசித் தெருவில் மங்கி எரியும். வட இந்தியக் கிராமங்களில் கடைசித் தெரு யாருடையது என்பது சொல்லாமலே விளங்கும். மின்சாரத்துக்கும் கடைமடை உண்டு. கிராம சமுதாயம், கூட்டுப் பொறுப்பு என்ற சொற்களைக் கேட்டவுடன் மனம் நெகிழ்ந்துவிடலாகாது. பழைய ஏரிகளும் கூட்டுப் பொறுப்பில்தான் இருந்தன. நீர் பாய்ச்சிய கையும் நிலம் வைத்திருந்த கையும் வேறு வேறாகவே இருந்தன.

கட்டணம் வசூலிக்கும் முறையிலும் இதே சிக்கல். இத்தனை வாட்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையாக வசூலிப்பது எளிது. மீட்டர் வேண்டாம், கணக்கெழுத ஆள் வேண்டாம். ஆனால் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு சென்றுவிட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பும் கூலித் தொழிலாளி, பூட்டிய வீட்டுக்கும் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இணைப்பு போய்விடும். மீட்டர் வைத்தால் அந்த அநீதி குறையும். ஆனால் மீட்டரின் விலை எல்லோர் கட்டணத்திலும் ஏறும். எந்த முறையும் கறையற்றதல்ல. எந்த முறை வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் சூளைத் தொழிலாளி உட்கார்ந்திருக்கிறாரா என்பதே பார்க்க வேண்டியது.

இந்த நாட்டில் இதற்கு ஒரு முன்னோடி அனுபவம் உண்டு. மேற்கு வங்கத்தின் சுந்தரவனத் தீவுகளுக்கு ஆறுகளையும் கழிமுகங்களையும் தாண்டிக் கம்பி இழுப்பது அன்று பெரும் செலவு பிடிக்கும் காரியம். இடது முன்னணி அரசின் காலத்தில், மாநிலப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி வளர்ச்சி முகமை 1996இல் சாகர் தீவின் கமல்பூரில் சுமார் 26 கிலோவாட் சூரிய மின் நிலையத்தை நிறுவியது. தொடர்ந்து அத்தீவில் மேலும் பல நிலையங்கள் எழுந்தன. 1997இல் கோசாபா தீவில் விறகை வாயுவாக்கி டீசலோடு சேர்த்து எரிக்கும் 500 கிலோவாட் நிலையம் இயங்கத் தொடங்கியது. முதலீடு பொதுப் பணம். நிலையம் பொதுச் சொத்து. இணைப்பு வழங்குவதிலும் கட்டணம் தண்டுவதிலும் பயனாளர்களின் கூட்டுறவு அமைப்புகளுக்குப் பங்கு இருந்தது. நிலையங்களை இயக்க உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்றார்கள். (கோசாபாவுக்குக் கூட்டுறவு புதிதன்று. டேனியல் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கூட்டுறவுப் பண்ணைக் குடியிருப்பை உருவாக்கி, 1936இல் ஒரு ரூபாய்த் தாள்கூட அச்சிட்டு வெளியிட்டார். ஜமீன்தாரின் கூட்டுறவும் குடிகளின் கூட்டுறவும் ஒன்றல்ல என்பது வேறு கதை.)

சுந்தரவன அனுபவத்தை மிகைப்படுத்தத் தேவையில்லை. மாலை தொடங்கி இரவில் சில மணி நேரமே மின்சாரம். நிலப்பரப்பில் வாழ்வோர் செலுத்தியதைவிடக் கட்டணம் கூடுதல். மிக ஏழைகளில் பலர் இணைப்பே பெறவில்லை. டீசல் விலை ஏறியபோது கோசாபாவின் கணக்கு தடுமாறியது. பிற்காலத்தில் பொது மின்தொகுப்பு தீவுகளை எட்டியபோது மக்கள் அதற்கு மாறினார்கள். பழைய நிலையங்கள் படிப்படியாகப் பயனிழந்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மக்கள் மாறிச் சென்றபோது எந்த முதலாளியும் நட்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுக்கவில்லை. போட்ட பணத்தை மக்களிடமிருந்தே கறந்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் யாருக்கும் இல்லை. பொதுத் தொகுப்பு வரும்வரை பொதுத்துறையே இட்ட பாலமாக அது இருந்தது.

மறுபுறம், உத்தரப் பிரதேசமும் பீகாரும் வேறு வழியில் சென்றன. அங்கே முதல் சிறு மின்தொகுப்பை நடத்தியவர் எந்தப் பொறியாளரும் அல்லர். சந்தைத் தெருவில் டீசல் ஜெனரேட்டர் வைத்திருந்த வணிகர். மாலையில் சில மணி நேரத்துக்கு ஒரு பல்புக்கு மாதம் இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மூங்கில் கழிகளின் மேல் கம்பி இழுத்துக் கொடுப்பார். அரசு விட்டுவைத்த இடம் அவருடைய சந்தை. 2007 ஆகஸ்டில் மேற்குச் சம்பாரண் மாவட்டத்தின் தம்குஹாவில் ஹஸ்க் பவர் நிறுவனம் நெல் உமியிலிருந்து மின்சாரம் எடுத்து வீடுகளுக்கு விற்கத் தொடங்கியது. அந்த முயற்சியின் தொழில்நுட்பத் திறமையை மதிக்கத்தான் வேண்டும்; நெல் விளையும் மண்ணில் வீணாகும் உமி விளக்காக மாறியது சிறிய செயலன்று. ஆனால் வழி திறந்ததும் பெருமூலதனம் பின்னாலேயே வந்தது. 2019 நவம்பரில் டாடா பவர் நிறுவனம், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையோடு கூட்டுச் சேர்ந்து 10,000 சிறு மின்தொகுப்புகளை அமைக்கப் போவதாக அறிவித்தது.

இதற்குச் சட்டம் முன்பே வாசல் திறந்து வைத்திருந்தது. மாநில அரசு ஊரகப் பகுதி என அறிவித்த இடத்தில் மின்சாரம் தயாரித்து வழங்குவோருக்கு உரிமம் தேவையில்லை என்கிறது 2003 மின்சாரச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. உரிமம் இல்லையெனில் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் கட்டணமும் பெரும்பாலும் இல்லை. நகரத்துக் குளிரூட்டப்பட்ட அடுக்ககத்துக்கு விலைப் பாதுகாப்பு உண்டு; சம்பாரணின் குடிசைக்கு இல்லை. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஊராட்சிகளும் பயனாளர் சங்கங்களும் கூட்டுறவுகளும் மின்சாரத்தை மொத்தமாக வாங்கி உள்ளூர் விநியோகத்தை நிர்வகிக்கலாம் என்றும் பேசுகிறது. ஒரே சட்டத்தில் இரண்டு கதவுகள். எந்தக் கதவுக்கு எண்ணெய் போட்டார்கள், எது துருப்பிடித்துக் கிடக்கிறது என்பதைத் தோழர்கள் அவரவர் மாவட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

உத்தரப் பிரதேச அரசு 2016இல் சிறு மின்தொகுப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. முதலீட்டில் 30 சதவீதம் மானியம் பெறும் நிறுவனம், 50 வாட் வரையிலான இணைப்புக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர மின்சாரம் தந்து மாதம் 60 ரூபாய் வாங்கலாம். 100 வாட் வரை 120 ரூபாய். மானியம் பெறாத நிறுவனமானால் விலை இரு தரப்பின் இசைவுப்படி. அறுபது ரூபாய் என்பது மலிவாகத் தோன்றும். 50 வாட்டை எட்டு மணி நேரம் முழுமையாக முப்பது நாளும் பயன்படுத்தினால் 12 யூனிட். அப்போது யூனிட்டுக்கு 5 ரூபாய். ஆனால் இரண்டு எல்இடி விளக்கும் ஒரு கைப்பேசியும் மட்டுமே உள்ள வீட்டில் 20 வாட்டுக்கு மேல் ஓடாது. அந்த வீட்டுக்கு 4.8 யூனிட், யூனிட்டுக்கு 12 ரூபாய் 50 காசு. பொருள் குறைவாக உள்ளவருக்கு விலை கூடுதல். இசைவு என்ற சொல்லும் சிந்திக்கத்தக்கது. ஊரில் ஒரே விற்பனையாளர், மாற்று மண்ணெண்ணெய் விளக்கு என்றால், வாங்குபவரின் இசைவுக்கு என்ன பொருள் இருக்க முடியும்?

இந்த இடத்தில் குறுக்கு மானியத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. பொது மின்தொகுப்பில் ஆலையும் வணிக வளாகமும் கூடுதல் கட்டணம் செலுத்துகின்றன. அந்தப் பணம் குடிசையின் விளக்கையும் உழவரின் பம்பையும் தாங்குகிறது. 450 வீடுகள் மட்டுமே கொண்ட தனித் தொகுப்பில் யார் யாரைத் தாங்குவது? அங்கே ஓர் ஏழைக்கு மானியம் தர இன்னோர் ஏழைதான் இருக்கிறார். நிறுவனங்கள் இதற்குக் கண்ட தீர்வு கைப்பேசிக் கோபுரம். கோபுரத்தை முதன்மை வாடிக்கையாளராகப் பிடித்துக்கொண்டால் வருமானம் நிலைக்கும். ஆனால் பற்றாக்குறை வரும் நாளில் ஒப்பந்தம் எழுதிக்கொண்ட கோபுரம் முதலிலும், மாதம் அறுபது ரூபாய் கட்டும் வீடு கடைசியிலும் நிற்கும். பெரிய தொகுப்பிலிருந்து கிராமத்தைத் துண்டித்து, இதுவே உங்கள் மின்சாரம் என்று கையில் கொடுப்பது, குறுக்கு மானியத்தைச் சட்டத் திருத்தம் இல்லாமலே ஒழிப்பதற்குச் சமம்.

குறுக்கு மானியத்தை ஒழிப்பது என்ற சொல் 2003 சட்டத்திலேயே இருந்தது. இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரவளித்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசின் காலத்தில், 2007 திருத்தத்தின் மூலம் அந்தச் சொல் நீக்கப்பட்டது. குறைப்பது என்பது மட்டும் நின்றது. எல்லாக் கிராமங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் மின்சாரம் கிடைக்கச் செய்வது மத்திய, மாநில அரசுகளின் கூட்டுக் கடமை என்று 6ஆம் பிரிவும் அப்போதே திருத்தி எழுதப்பட்டது. பின்னர் வந்த திருத்த மசோதாக்களை எதிர்த்து மின் ஊழியர்களும் விவசாயிகளும் போராட வேண்டியிருந்தது. தில்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் நடந்த விவசாயிகள் போராட்டத்தின் கோரிக்கைகளில் மின்சார மசோதாவைத் திரும்பப் பெறுவதும் ஒன்று. விவசாயிகள் அமைப்புகளுடன் பேசாமல் மசோதாவை முன்வைப்பதில்லை என்று 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு எழுத்தில் உறுதியளித்தது. 2022 ஆகஸ்ட் 8 அன்று மசோதா மக்களவையில் வைக்கப்பட்டது.

இனி வணிகத்துக்கு வருவோம். அண்மைக் காலமாகச் சிறு மின்தொகுப்பு பற்றிப் பேசுவோர் வழங்கல் என்ற சொல்லைவிட வணிகம் என்ற சொல்லையே விரும்புகிறார்கள். ஒரு வீட்டுக் கூரையில் மிஞ்சும் மின்சாரத்தை அடுத்த வீட்டுக்கு நேரடியாக விற்கலாம். விலையை இருவரும் பேசி முடிக்கலாம். கணினிப் பேரேடு கணக்கு வைத்துக்கொள்ளும் என்கிறார்கள். ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றின் பிளாக்செயின் மென்பொருளைக் கொண்டு இதற்கான சோதனை லக்னோவில் நடத்தப்பட்டது. உத்தரப் பிரதேச மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் விதிமுறைகள் வகுத்தது. அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்வது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மின்சாரச் சந்தை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு நாட்டளவிலான பாடம் ஒன்று இருக்கிறது. 2022 மார்ச்சில், கோடையின் தொடக்கத்திலேயே, மின் பரிமாற்றச் சந்தையில் ஒரு யூனிட் 20 ரூபாய் வரை போனது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு 12 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்த பிறகே அது அடங்கியது. மாநில மின் வாரியங்களும் பெருநிறுவனங்களும் பேரம் பேசும் சந்தையின் கதி இது. தர்னையின் ஒரு தெருவில் அத்தகைய சந்தை வந்தால் உச்சவரம்பு விதிக்க யார் வருவார்?

நேரத்துக்கு ஏற்ற விலை என்பதும் இதன் உடன்பிறப்பே. 2023 ஜூனில் ஒன்றிய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. வெயில் நேரத்தில் கட்டணம் 10 முதல் 20 சதவீதம் குறையும்; உச்சத் தேவை நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் கூடும். விவசாய இணைப்புகள் தவிர மற்ற நுகர்வோருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது விதி. பொறியியல் நோக்கில் இதற்கு ஒரு தர்க்கம் உண்டு; பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தைப் பகலிலேயே செலவிட ஊக்கம் தருவது. ஆலை முதலாளி தன் வேலை நேரத்தைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளலாம். நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்று பொழுது சாய்ந்து வீடு திரும்பும் விவசாயத் தொழிலாளிப் பெண் எதை எங்கே மாற்றுவார்? அவர் விளக்கேற்றும் நேரமே உச்ச நேரம். மலிவான நேரத்தில் அவர் வீட்டில் இல்லை.

வணிகம் என்றாலே தீது என்று இதற்குப் பொருளில்லை. வேறு விதமாகவும் விற்கலாம் என்பதற்குக் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஓர் உதாரணம் உள்ளது. துண்டி என்ற சிற்றூர். அங்கே ஆறு விவசாயிகள் சூரிய பம்புகளைத் தங்கள் வயல்களில் அமைத்து, எல்லாவற்றையும் ஒரு சிறு மின்தொகுப்பாக இணைத்து, கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தார்கள். மொத்தத் திறன் 56.4 கிலோவாட். 2016இல் அது செயல்படத் தொடங்கியது. பம்பு ஓடாத நேரத்தில் உற்பத்தியாகும் மின்சாரம் ஒரே இடத்தில் அளக்கப்பட்டு மாநிலப் பொதுத்துறை மின் பகிர்மானக் கழகத்துக்குப் போகிறது. யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு, 25 ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தம். சங்கத்துக்கு வரும் தொகை ஒவ்வொருவரும் தந்த யூனிட்டுக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. பின்னர் மேலும் சிலர் சேர்ந்தார்கள்.

இங்கே நடந்திருப்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆறு பேரும் தனித்தனியே விற்கப் போகவில்லை. ஒருவரோடொருவர் பேரம் பேசவும் இல்லை. சேர்ந்து ஒரே விற்பனையாளராக நின்றார்கள். வாங்குபவர் பொதுத்துறை, விலை நிலையானது. பெரிய தொகுப்போடு இணைந்திருப்பதால் பகலில் மிஞ்சுவதைச் சேமிக்க விலை மிக்க பேட்டரி தேவைப்படவில்லை. இன்னொரு விளைவும் உண்டு. மின்சாரம் இலவசமாகவோ மலிவாகவோ கிடைத்து, விற்க வழியில்லாதபோது நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டுவதில் விவசாயிக்கு நட்டமில்லை. விற்க முடியும்போது, தேவைக்கு மேல் இறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு இழப்பு. மோட்டாரை நிறுத்தச் சொல்லும் அறிவுரைகளால் ஆகாததை இந்தக் கணக்கு செய்கிறது.

ஆனாலும் துண்டியை வழிபடத் தேவையில்லை. முதலீட்டின் பெரும்பகுதி ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியே வந்தது. ஒப்பந்த விலைக்கு மேல் யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய் ஊக்கத்தொகையும் அந்த நிறுவனம் தந்தது. அத்தகைய புரவலர் இல்லாத ஊரில் கணக்கு இவ்வளவு இனிக்காது. மானிய விலை மின் இணைப்பு கேட்கும் உரிமையை ஒப்பந்தக் காலம் முழுதும் விட்டுத்தர வேண்டும் என்பது நிபந்தனை. 25 ஆண்டு என்பது ஒரு தலைமுறை. எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பதற்கு மின்சாரம் வேண்டுமானால் தகடு வைக்க நிலம் வேண்டும், கிணறு வேண்டும். நிலமற்றவருக்கு இந்தக் கூட்டுறவில் இடம் எங்கே? துண்டியில் அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளுக்கு, டீசல் பம்பு வைத்திருப்போர் கேட்ட விலையைவிடக் குறைவாகப் பாசன நீர் கிடைத்தது உண்மை. அது வாங்குபவராகக் கிடைத்த பயன், உடைமையாளராகக் கிடைத்ததன்று. ஊராட்சியின் புறம்போக்கு நிலத்திலும் பள்ளிக் கூரையிலும் பொது நிதியில் தகடு பதித்து, நிலமற்ற குடும்பங்களையும் பங்குதாரராக்கும் கோரிக்கையை விவசாயத் தொழிலாளர் சங்கங்களே எழுப்ப முடியும். வேறு யாரும் எழுப்பப் போவதில்லை.

இன்று திட்டங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதற்கு மகாராஷ்டிரம் ஒரு சான்று. விவசாய மின்பாதைகளைச் சூரிய மின்மயமாக்கும் முதலமைச்சர் பெயரிலான திட்டம் 2023இல் புதுவடிவம் பெற்றது. நிலத்தைக் குத்தகைக்குத் தரும் விவசாயிக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் கிடைக்கும். பகலில் பாசனத்துக்கு மின்சாரம் கிடைப்பது பெரிய நன்மை. இரவில் பாம்புக்கும் சிறுத்தைக்கும் அஞ்சி நீர் பாய்ச்சிய விவசாயிக்கு அதன் அருமை தெரியும். ஆயினும் மின் நிலையங்களின் உடைமை பெரும்பாலும் நிறுவனங்களிடம் போகிறது. துண்டியில் விவசாயி மின்சாரம் விற்றார். இங்கே அவர் நிலத்துக்கு வாடகை வாங்குகிறார்.

கூட்டுறவால் மின்சாரத்தை நிர்வகிக்க முடியுமா என்று ஐயுறுவோருக்கு ஒரு பழைய செய்தி. 1969இல் ஊரக மின்மயக் கழகம் தொடங்கப்பட்டபோது சோதனையாக ஐந்து ஊரக மின் கூட்டுறவுச் சங்கங்கள் திட்டமிடப்பட்டன: ஆந்திரத்தின் சிரிசில்லா, கர்நாடகத்தின் ஹுக்கேரி, மகாராஷ்டிரத்தின் முளா-பிரவரா, குஜராத்தின் கோடினார், உத்தரப் பிரதேசத்தின் லக்னோ. பல மறைந்தன. சர்க்கரை ஆலை முதலாளிகளின் பிடியில் இருந்த பகுதியில் இயங்கிய முளா-பிரவரா கடன் பாக்கியில் மூழ்கி 2011இல் உரிமத்தை இழந்தது. விசைத்தறி நெசவாளர்களின் ஊரான சிரிசில்லாவிலும், ஹுக்கேரியிலும் சங்கங்கள் அரை நூற்றாண்டைத் தாண்டி நடக்கின்றன. அவை தனித்த தீவுகள் அல்ல. பொதுத் தொகுப்பிலிருந்து மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்கு வழங்குகின்றன. சூரியத் தகடு இல்லாத காலத்தில் எழுந்த இந்த அமைப்போடு இன்றைய உள்ளூர் உற்பத்தியைச் சேர்த்தால், 2003 சட்டத்தின் துருப்பிடித்த கதவு திறக்கக்கூடும்.

2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங்கோடு நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்மயமாகிவிட்டன என்று அறிவிக்கப்பட்டது. பத்து சதவீத வீடுகளில் இணைப்பு இருந்தால் கிராமம் மின்மயமானதாகக் கொள்ளப்படும் என்ற வரையறையை மறந்துவிடலாகாது. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய சௌபாக்யா திட்டத்தில் 2019 மார்ச்சுக்குள் 2.6 கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இணைப்பு தரப்பட்டதாக அரசு கூறியது. கம்பி போயிருக்கிறது, அதில் எத்தனை மணி நேரம் மின்சாரம் ஓடுகிறது என்பது வேறு கணக்கு. பொதுத் தொகுப்பின் இந்தக் குறைபாட்டில்தான் தனியார் சிறு தொகுப்புகள் தங்கள் இரண்டாவது வாழ்வைத் தேடுகின்றன.

பொதுத் தொகுப்பு வந்துவிட்டால் சிறு தொகுப்பு என்ன ஆகும்? உத்தரப் பிரதேசத்தின் 2016 கொள்கை இதற்கு விடை எழுதி வைத்திருக்கிறது. அரசின் கம்பி வந்துவிட்டால் நிறுவனம் தன் மின்சாரத்தைப் பகிர்மானக் கழகத்துக்கு விற்கலாம். அல்லது நிலையத்தையே கழகத்திடம் விலைக்கு ஒப்படைக்கலாம். முதலீட்டாளரின் பணத்துக்கு முன்கூட்டியே பாதுகாப்பு.

தர்னைக்கு அப்படியொரு விடையை யாரும் எழுதி வைக்கவில்லை. அரசு மின்மாற்றி வந்தது. மலிவான மின்சாரம் வந்தது. மக்கள் அதற்கு மாறினார்கள். சில ஆண்டுகளில் பேட்டரிகள் செத்தன. புதிய பேட்டரி வாங்கப் பணம் இல்லை. துண்டியில் செய்ததைப் போல அந்த நிலையத்தை ஊர் வழியே செல்லும் அரசு மின்பாதையோடு இணைத்திருந்தால் பேட்டரியே தேவைப்பட்டிருக்காது. பகலெல்லாம் உற்பத்தியாகும் மின்சாரத்துக்கு யூனிட் கணக்கில் பணம் ஊருக்கு வந்திருக்கும். இணைக்கும் பொறுப்பு தொண்டு அமைப்பினுடையதா, மின் கழகத்தினுடையதா, ஊராட்சியினுடையதா என்பது எந்த ஏட்டிலும் இல்லை. தகடுகள் வெயிலில் கிடந்தன. நாடெங்கும் படமெடுத்துக் காட்டப்பட்ட அந்த நிலைய வளாகத்தில் பிற்பாடு மாடு கட்டினார்கள்.